இல்லாத 34-வது மாடிக்கு ரூ. 31,500 கட்டிவிட்டு வந்து நிற்கிறேன்

கோலாலம்பூரிலிருந்துதான் எழுதுகிறேன். இன்னும் ஊர் திரும்பவில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், அத்தையும் தூங்கிவிட்டார்கள், எனக்குத்தான் நாலு நாளாகத் தூக்கம் இல்லை. தங்க வீடு தருகிறேன் என்று ஒருவன் ஏமாற்றியதில் ரூ. 31,500 போச்சு. யாராவது ஒருவராவது இதைப் படித்துவிட்டுத் தப்பித்தால் சரி என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசாவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் நான், என் வீட்டுக்காரர், அத்தை, இரண்டு பிள்ளைகள் என்று கிளம்பினோம். ஐந்து பேருக்கு ஓட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட இரண்டு படுக்கையறை உள்ள அபார்ட்மெண்ட் எடுத்தால் அத்தைக்குக் கஞ்சி வைக்க அடுப்படியும் இருக்கும் என்று கணக்குப் போட்டது நான்தான். வீட்டுக்காரர் "பேசாம ஓட்டல் போடு" என்றார். அதை இன்றைக்கு வரைக்கும் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது.

எல்லோருக்கும் தெரிந்த பெரிய முன்பதிவுத் தளங்களில் அதே மாதிரி வீடு கிட்டத்தட்ட ரூ. 38,000 காட்டியது. அப்போதுதான் ஒரு தமிழ் சுற்றுலாக் குழுவில், கோலாலம்பூரில் என் வீடு வாடகைக்கு இருக்கிறது என்று ஒருவன் போட்ட பதிவைப் பார்த்தேன். குழுவின் பெயர் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் ஆள் இருக்கிற குழு, நம்மில் பலரும் அதில் இருப்போம். மொட்டை மாடியில் நீச்சல் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் இரட்டைக் கோபுரம், மெத்தை மேல் துண்டை அன்னமாக மடித்து வைத்த படம். நான்கு இரவுக்கு 1,500 ரிங்கிட், நம்ம காசில் ரூ. 31,500.

நான் ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. பத்துக் கேள்வி கேட்டேன். பத்துக்கும் பதில் வந்தது, அதுவும் குரல் பதிவாக. "அக்கா, பயப்படாதீங்க லா, நம்ம ஆளுங்க தானே" என்று அந்த மலேசியத் தமிழ் இருக்கிறதே, அதைக் கேட்டதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதியை ஒரே வரியில் வாங்கிவிட்டான். "அக்கா, வெளிநாட்டுக்காரங்களுக்கு டூரிசம் டேக்ஸ் ஒரு ரூமுக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் இருக்கு, அதையும் நானே கட்டிடுறேன், உங்ககிட்ட வாங்க மாட்டேன்." நான் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வரி நிஜமாகவே இருக்கிறது. நாற்பது ரிங்கிட்டை விட்டுக்கொடுக்கிற ஆள் நம்மை எங்கே ஏமாற்றப் போகிறான் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

தளம் வழியாகப் போட்டால் கமிஷன் போகும், நேரடியாகக் கட்டுங்கள் என்றான். மலேசியாவுக்குப் பணம் அனுப்பத் தெரியாதே என்றேன். "ஊர்ல, மதுரைல என் மச்சான் இருக்கான் அக்கா, அவன் நம்பருக்கு யுபிஐ போட்டுடுங்க." மலேசியாவில் இருக்கிற வீட்டுக்கு மதுரை மச்சான் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சமையல்கட்டில் நின்றபடியே ரூ. 31,500 அனுப்பினேன். அடுத்த நிமிடம் ரசீது வந்தது, கட்டடத்தின் பெயர், வீட்டு எண் பி-34-07 எல்லாம் போட்டு. மலேசிய வருகை அட்டையை இணையத்தில் நிரப்பும்போது தங்குமிடம் என்ற கட்டத்தில் அந்த முகவரியைத்தான் எழுதினேன். யோசித்துப் பாருங்கள், ஒரு நாட்டு அரசாங்கத்திடமே அந்தப் பொய்யை என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

காலையில் இறங்கி, விமான நிலையத்திலிருந்து வாடகைக் கார் பிடித்து, பெட்டியும் பையுமாக அந்தக் கட்டடத்துக்குப் போய் நின்றோம். கட்டடம் நிஜம், படத்தில் இருந்த அதே கட்டடம். வாசல் காவலாளி நேபாளத்துக்காரர். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் இந்தி தெரியும் என்பதால் பேச்சு ஓடியது. ரசீதைக் காட்டியதும் அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "முப்பத்து நாலா? இங்கே முப்பத்து நாலு கிடையாதே" என்றார்.

எங்களுக்குப் புரியவே இல்லை. லிஃப்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். 33-க்கு அடுத்த பொத்தான் 33ஏ. அதற்கடுத்து 35. சீனர்களுக்கு நாலு என்பது சாவைச் சொல்கிற ஒலியாம், அதனால் இந்த ஊரில் பல கட்டடங்களில் நாலாம் மாடியை 3ஏ என்று போட்டுவிடுகிறார்கள், 14-ஐ 13ஏ, 34-ஐ 33ஏ. மேலாண்மை அலுவலகம் திறந்ததும் அங்கே இருந்த பெண்ணும் அதையேதான் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: அந்தக் கட்டடத்தில் நாள் வாடகைக்கு வீடு விடவே அனுமதி இல்லை.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அந்த ஊரில் ஒரு மாதம் இருந்தவனுக்குக்கூடத் தெரிகிற விஷயம் இது. கோலாலம்பூரில் வீடு வைத்திருக்கிறேன் என்றவன் 34 என்று எழுதியிருக்கிறான் என்றால், அவன் இந்த ஊரையே பார்த்ததில்லை. அந்த 'லா' கூடப் பொய். எங்கேயோ நம்ம பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே அந்தப் பேச்சைப் பேசியிருக்கிறான்.

உடனே அழைத்தேன். எடுக்கவில்லை. அப்புறம் செய்தி வந்தது: "காவலாளி புதுசு அக்கா, பத்து நிமிஷம்." பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. "ஓனர் மீட்டிங்ல இருக்கார்." அதுவரைக்கும் ஓனர் இவன்தான் என்று நினைத்திருந்தேன்! 34-வது மாடி இல்லையே என்று எழுதினேன். "டைப்பிங் மிஸ்டேக் அக்கா." சரி, சரியான எண் என்ன? பதில் இல்லை. மதியம், "ரீஃபண்ட் போட்டாச்சு, ஏழு வேலை நாள்ல வந்துடும்." அதற்கு ஒரு படிவம் அனுப்பினான், அதில் என் அட்டை எண்ணும் ஓடிபியும் கேட்டிருந்தது. அந்த அளவுக்குத் துணிச்சல். நல்லவேளை, அதையாவது நிரப்பாமல் விட்டேன். சாயங்காலம் முகப்புப் படம் மறைந்துவிட்டது. தடுத்துவிட்டான்.

குழு நிர்வாகிக்கு எழுதினேன். "உறுப்பினர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ள வேண்டும், குழு பொறுப்பல்ல" என்று இரண்டு வரி. அவன் பதிவை எடுக்கச் சொன்னேன், அவனைப் பற்றி எச்சரித்து நான் போட்ட பதிவை எடுத்தார்கள். மறுபடி கேட்டதற்கு என்னையே எடுத்துவிட்டார்கள். வங்கிக்குப் பேசினால், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்க மேடம்" என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அதைச் சொல்கிற குரலில் ஒரு அலுப்பு. தம்பியை விட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசச் சொல்லி, சைபர் கிரைம் தளத்தில் புகாரும் போட்டாகிவிட்டது. ஆனால் பணம் அனுப்பி மூன்று வாரம் ஆகிவிட்டதே, ரூ. 31,500 இன்னும் அந்தக் கணக்கிலா உட்கார்ந்திருக்கும்?

பெட்டியோடு, நம்ம ஆட்கள் அதிகம் இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்கு வந்து ஓட்டலில் இரண்டு அறை எடுத்தோம். வரியோடு சேர்த்து இன்னொரு 1,200 ரிங்கிட். அதனால் ஊர் சுற்றிப் பார்த்ததும் அரைகுறைதான். இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏறவில்லை, கீழே பூங்காவில் இலவச நீரூற்றைப் பார்த்துவிட்டு வந்தோம். மஸ்ஜித் இந்தியா தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றும் வாங்கவில்லை. பத்துமலைக்கு ரயிலில் போனோம். 272 படியையும் அத்தை மூச்சு வாங்க ஏறிவிட்டு, "முருகா, அவனுக்கு நல்ல புத்தியக் குடு" என்றார்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. நான் வேறு வேண்டிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு மட்டும் குறையில்லை. மாமாக் கடையில் (அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை) பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும், நுரை வர ஆற்றிய பால் டீயான தே தாரிக்கும் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அந்தக் கடை அண்ணன்தான், நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து விஷயம் கேட்டு, இரண்டு டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நிஜமான மலேசியத் தமிழ் அவரிடம்தான் கேட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. தளத்துக்கு வெளியே பணம் கட்டாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. வெளிநாட்டு வீட்டுக்கு ஊரில் இருக்கிற மச்சான் நம்பர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கட்டடத்தின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, இந்த எண் இருக்கிறதா, நாள் வாடகை உண்டா என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ரூ. 31,500 மிச்சம். குரல் பதிவை நம்பாதீர்கள், வீட்டுக்குள் நின்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். அவள் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அதே குளம், அதே துண்டு அன்னம், வேறு பெயர். கீழே ஒரு பெண் கேட்டிருக்கிறார்: "அடுத்த மாசம் நாலு நாள், குழந்தைங்களோட வர்றோம், கிடைக்குமா?" என்னால் அங்கே பதில் போட முடியாது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் யாராவது அவரிடம் உடனே சொல்லுங்கள்.