டேனியல் பூனின் வழித்தோன்றல்களைத் தேட ஃபேமிலிசெர்ச் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

குடும்ப வரலாறு தேடுவோருக்கான இணையச் சேவைகளுள் சந்தா கேட்காத பெரிய சேவை ஃபேமிலிசெர்ச். அதை எடைபோட, ஆவணங்கள் ஒழுங்காக அமைந்த சாதாரணக் குடும்பத்தைவிட, புகழும் கட்டுக்கதையும் ஒருசேரப் படிந்த குடும்பம்தான் நல்ல உரைகல்லாக இருக்கும் என்று கருதினேன். அதனால் கென்டக்கிக்கு வழி திறந்தவர் என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் டேனியல் பூனின் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அவருடைய பெற்றோரில் தொடங்கிப் பேரப்பிள்ளைகள் வரை இச்சேவையின் துணையோடு எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்த்தேன். ஆவணக் கிடங்கு என்ற வகையில் இது முதல்தரமானது. ஆனால் பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் கூட்டு வம்சாவளிப் பகுதியை வழிகாட்டிப் பலகை அளவுக்கு மட்டுமே நம்பலாம் என்பதே என் மதிப்பீடு.

இச்சேவையை நடத்துவது யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, மோர்மன் சபை என்று பரவலாக அறியப்படும் கிறித்தவச் சபை. இறந்துபோன முன்னோருக்காகவும் சடங்குகள் செய்யலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கையாதலால், முன்னோரின் பெயர்களைத் தேடித் திரட்டும் பணியை 1894-இலேயே ஒரு சங்கமாகத் தொடங்கினார்கள். 1938 முதல் உலகெங்கும் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்தார்கள். அவ்வாறு சேர்ந்த ஏறத்தாழ 24 லட்சம் சுருள்கள் சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் உள்ளன. அவற்றைக் கணினிப் படங்களாக மாற்றும் வேலை 2021-இல் நிறைவுற்றது. சேவையின் உண்மையான வலிமை இந்தப் படங்களில்தான் இருக்கிறது. சடங்கு விஷயத்தில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தங்கள் சொந்த முன்னோரின் பெயர்களைப் பதியுமுன் அந்த நோக்கத்தையும் அறிந்துகொள்வது நல்லது; ஆவணங்களைப் பார்ப்பதற்கு எந்தச் சமய நிபந்தனையும் கிடையாது.

முதலில் கூட்டு வம்சாவளியைப் பார்ப்போம். மற்ற சேவைகளில் ஆளுக்கொரு வம்ச மரம் வைத்துக்கொள்வது வழக்கம். இங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே மரம், கணக்கு வைத்திருக்கும் எவரும் அதைத் திருத்தலாம். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற ஏற்பாடுதான், ஆனால் ஆளுக்கொரு பக்கம் வடம் பிடித்தால் தேர் நிலைக்கு வராது. டேனியல் பூன் போன்ற புகழ்பெற்ற மனிதரோடு எப்படியாவது உறவு பேச விரும்புவோர் ஏராளம்; எனவே ஒருவர் சேர்த்ததை மற்றொருவர் நீக்குவதும், ஒரே பெயருள்ள இருவரை ஒருவராக இணைத்துவிடுவதும் இத்தகைய அமைப்பில் தவிர்க்க முடியாதவை. யார், எப்போது, என்ன காரணம் சொல்லி மாற்றினார் என்ற பதிவு ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். பெயரைப் படிப்பதற்கு முன் அந்த மாற்றப் பதிவைப் படியுங்கள் என்பேன்.

பூன் குடும்பத்தில் குழப்பத்துக்கான வித்துகள் நிறையவே உண்டு. தந்தை பெயர் ஸ்கொயர். டேனியலின் தம்பி ஒருவர் பெயரும் ஸ்கொயர். இஸ்ரேல், ஜார்ஜ், டேனியல் என்ற பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. டேனியல் 1756-இல் ரெபெக்கா பிரையனை மணந்தார். அவருடைய சகோதரர் எட்வர்ட் மணந்தது ரெபெக்காவின் சகோதரி மார்த்தாவை. டேனியலின் சகோதரி மேரி மணந்ததும் பிரையன் குடும்பத்திலேயே. பெண் கொடுத்துப் பெண் எடுத்த இத்தகைய குடும்பங்களில் ஒரு வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டுக் கணக்கில் ஏறிவிடுவது எளிது. மரபணுச் சோதனையைக் கொண்டு பிரித்துவிடலாம் என்று எண்ணுவோரும் இங்கே நிதானிக்க வேண்டும்: இரு வழியிலும் உறவான பிள்ளைகளின் வம்சத்தார் வழக்கத்தைவிட மிகுதியான மரபணுவைப் பகிர்ந்திருப்பார்கள், அதனால் உறவு உள்ளதைவிட நெருக்கமானதாகத் தோன்றும்.

பிறந்த நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பமொன்றில் 1734-இல் பிறந்த டேனியலுக்கு அக்டோபர் 22 என்றும் நவம்பர் 2 என்றும் இரு நாள்கள் சொல்லப்படுகின்றன. இரண்டுமே சரிதான், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் 1752-இல் நாட்காட்டியை மாற்றியதால் வந்த 11 நாள் வேறுபாடு அது. குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் சொல்லாமல் எண் சொல்பவர்கள்; அன்றைய கணக்கில் மார்ச் முதல் மாதமாதலால் எட்டாம் மாதம் என்றால் அக்டோபர். இது தெரியாதவர் அதை ஆகஸ்டு என்று பதிந்துவிடுவார். சேவையின் தேதிப் பெட்டி எழுதியதை ஏற்றுக்கொள்ளுமே தவிர, இதையெல்லாம் எச்சரிக்காது.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். அமெரிக்கக் குடும்பத்தைத் தேடுபவர் முதலில் நாடுவது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. பூனுக்கு அது சிறிதும் உதவாது. முதல் கணக்கெடுப்பு நடந்த 1790-இல் அவர் அன்றைய வர்ஜீனியாவின் கனாவா பள்ளத்தாக்குப் பகுதியில் இருந்தார். வர்ஜீனியாவின் 1790 தாள்கள் இன்று இல்லை. கென்டக்கியின் 1790, 1800 தாள்களும் இல்லை. 1799-இலேயே அவர் ஸ்பெயினின் ஆளுகையில் இருந்த மிசூரிக்குப் போய்விட்டார். அந்நிலம் அமெரிக்காவின் கைக்கு வந்த பிறகு எடுத்த 1810, 1820 மிசூரிக் கணக்கெடுப்புகளும் அழிந்துவிட்டன. கென்டக்கிக்கென்று அச்சில் காணப்படும் 1790, 1800 பட்டியல்கள் வரிப் பட்டியல்களிலிருந்து பிற்காலத்தில் தொகுத்தவையே.

ஆக, எல்லைப்புற மனிதர் ஒருவரின் தடம் நிலத்திலும் வரியிலும் வழக்கிலும்தான் கிடக்கிறது. பூன் நில அளவையாளராகவும் இருந்தவர். பிறருக்காக நிலம் அளந்தார், தமக்கும் நிலம் கோரினார், உரிமை மோதல்களில் அதில் பெரும்பகுதியை இழந்தார், மற்றவர்களின் வழக்குகளில் சாட்சி சொன்னார். இந்தக் காகிதங்களைப் படிப்பதற்கு 2024-இல் இச்சேவை அறிமுகப்படுத்திய முழுவாசகத் தேடல் ஒரு பெரிய பாய்ச்சல் என்றே சொல்வேன். அதற்கு முன்பெல்லாம் யாராவது தன்னார்வலர் அட்டவணை தயாரித்திருந்தால்தான் பெயர் அகப்படும். அதிலும் விற்றவர், வாங்கியவர் என்ற இரு பெயர்களே பெரும்பாலும் இருக்கும். இப்போது கணினியே கையெழுத்தைப் படித்துவிடுவதால் பத்திரத்தின் நடுவில் புதைந்திருக்கும் சாட்சிகள், அண்டை நிலத்தார், வாரிசுகள் எல்லாருடைய பெயர்களும் தேடலில் மேலே வருகின்றன.

இதன் அருமை ஒரு நில அளவைத் தாளை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். நிலத்தின் கோட்டுப்படம் மேலே இருக்கும். கீழே, இன்ன ஓடைக் கரையிலுள்ள இன்ன மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை கோல் தூரம் என்று எல்லை விவரிக்கப்பட்டிருக்கும். ஒரு கோல் என்பது பதினாறரை அடி. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், அளவுச் சங்கிலி பிடித்த இருவர் பெயரும் மரத்தில் வெட்டிக் குறியிட்டவர் பெயரும் இருக்கும். இவர்கள் பெரும்பாலும் உறவினரோ அண்டை வீட்டாரோ. வம்சாவளி தேடுபவருக்கு எந்த மகன், எந்த மருமகன், எந்த ஆண்டில், எந்த ஓடைக் கரையில் இருந்தான் என்பதற்கு அந்த மூன்று பெயர்களே சான்றாகிவிடுகின்றன.

குறைகளும் உண்டு. பழைய ஆங்கில நீள எழுத்தொன்றைக் கணினி வேறு எழுத்தாகப் படித்துவிடுகிறது. பூன் என்ற பெயரே கடைசி எழுத்தோடும் இல்லாமலும் எழுதப்பட்டிருப்பதால் எல்லா வடிவங்களிலும் தேடவேண்டும். கணினி தரும் எழுத்துப்படியை அப்படியே நகலெடுக்காமல் படத்தோடு ஒப்பிடுவது கட்டாயம்.

இடத்தைக் குறிப்பிட்டுத் தேடும்போது கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் எல்லைகளை நினைவில் கொள்ளவேண்டும். கென்டக்கி முழுவதும் 1780 வரை வர்ஜீனியாவின் ஒரே கவுண்டி. அவ்வாண்டு ஃபேயெட், ஜெஃபர்சன், லிங்கன் என மூன்றாகப் பிரிந்தது. 1792-இல் தனி மாநிலமானது. பெற்றோர் குடியேறிய வட கரோலினாவின் யாட்கின் பகுதி இன்று டேவி கவுண்டியில் உள்ளது. ஆனால் அக்கவுண்டி உருவானது 1836-இல்தான் என்பதால் அவர்கள் காலத்து ஆவணங்கள் ரோவன் கவுண்டிப் பதிவேடுகளிலேயே இருக்கும். தேடுபெட்டியில் இன்றைய பெயரை இட்டு, ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடக் கூடாது. ஃபேயெட்டில் மட்டும் வேறு வகை இழப்பு: அங்குள்ள பழைய பதிவேடுகளில் ஒரு பகுதி 1803-இல் தீக்கிரையானது.

வழித்தோன்றல்கள் பக்கம் திரும்பினால் சேவை வேகம் பிடிக்கிறது. பூன் தம்பதியின் பத்துப் பிள்ளைகளுள் ஜேம்ஸ் 1773-இலும் இஸ்ரேல் 1782-இல் புளூ லிக்ஸ் போரிலும் கொல்லப்பட்டார்கள். வில்லியம் குழந்தையிலேயே இறந்தான். ஆகவே ஆண்வழி வம்சம் டேனியல் மோர்கன், ஜெஸ்ஸி, நேத்தன் ஆகிய மூவரிடமிருந்து மட்டுமே வர முடியும். பூன் என்ற குடும்பப்பெயரை வைத்துக்கொண்டு இந்த மூவரையும் தொடாத எந்த உரிமைப் பேச்சும் டேனியலிடம் போய்ச் சேராது. இந்த ஒரு சல்லடையிலேயே பல கூட்டு மரக் கிளைகள் கழன்றுவிடும். மகள்கள் வழியில் தேடுவோர் ஹேஸ், காலவே, ஸ்கால், கோ ஆகிய குடும்பப்பெயர்களைப் பின்தொடர வேண்டும்.

1850 கணக்கெடுப்பு முதல் சுதந்திரமானவர் ஒவ்வொருவரும் பெயரோடு வருவதால் பேரப்பிள்ளைகளின் மேற்கு நோக்கிய பயணம் தெளிவாகத் தெரிகிறது. ஜெஸ்ஸியின் மகன் அல்ஃபோன்சோ 1846-இல் ஒரிகனுக்குப் போனார். அங்கே அக்குடும்பம் நடத்திய படகுத்துறையின் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு இருக்கிறது. மற்றொரு மகன் ஆல்பர்ட் கேலட்டின், ஷையன், அரப்பஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களுடனான 1861-ஆம் ஆண்டு ஃபோர்ட் வைஸ் ஒப்பந்தத்தில் அரசுத் தரப்பில் இருந்தவர். ஜெஸ்ஸியின் மகள் பாந்தியாவின் கணவர் லில்பர்ன் பாக்ஸ், மிசூரி ஆளுநராக இருந்தபோது 1838-இல் மோர்மன்களை மாநிலத்திலிருந்து விரட்டவோ ஒழிக்கவோ வேண்டும் என்று ஆணையிட்டவர். அந்தச் சபையின் பெட்டகத்தில் நுழைந்துதான் இன்று அவருடைய சந்ததியார் தங்கள் பாட்டியைத் தேடவேண்டியிருக்கிறது என்பதை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

சுதந்திரமானவர் என்று மேலே எழுதியதற்குக் காரணம் உண்டு. நேத்தன் பூன் மிசூரியில் அடிமைகளை வைத்திருந்தவர். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டுமே இருக்கும். அடிமைகளின் பெயர் இராது. பெயர்கள் வருவது சொத்துப் பட்டியல்களிலும் உயில்களிலும்தான், அதுவும் குதிரைக்கும் கட்டிலுக்கும் இடையே, பக்கத்தில் விலையோடு. முழுவாசகத் தேடல் அந்தப் பெயர்களையும் மேலே கொண்டுவருவதே அதன் தலையாய பயன் என்று நினைக்கிறேன். அத்துடன், விடுதலையான அடிமைகளுக்கான அரசுப் பணியகத்தின் பதிவுகளைத் தன்னார்வலர்கள் அட்டவணைப்படுத்தும் பெருவேலை 2016-இல் முடிந்து இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

சேவையால் தர முடியாதவையும் உள்ளன. பூனின் பிள்ளைகளில் கடைசிவரை உயிரோடு இருந்த நேத்தனையும் அவர் மனைவி ஆலிவையும் லைமன் டிரேப்பர் என்ற வரலாற்று ஆர்வலர் 1851-இல் சந்தித்து நீண்ட பேட்டி எடுத்தார். விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் ஏறக்குறைய 500 தொகுதிகளாக உள்ள அவருடைய சேகரிப்பு இல்லாமல் இக்குடும்பத்தைப் பற்றி எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. பெயரும் தேதியும் நிரப்பும் பெட்டிகளில் அது அடங்காது. அடக்கம் என்ற பெட்டியே பூனுக்குப் போதவில்லை: 1820-இல் மிசூரியில் புதைத்த உடலை 1845-இல் கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எடுத்துச் சென்றார்கள், எடுத்தது அவருடையதுதானா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை. சில ஆவணங்களுக்கு அருகே கேமரா சின்னத்தின் மேல் ஒரு சாவி தெரியும். அவற்றை இச்சேவையின் மையங்களிலோ அதனோடு இணைந்த நூலகங்களிலோதான் பார்க்கலாம், வீட்டிலிருந்து திறக்காது. கென்டக்கி நிலக் காகிதங்களைப் பொறுத்தவரை இது பெரிய தடையல்ல. வர்ஜீனியா காலத்து அளவைத் தாள்களையும் நில உரிமைப் பத்திரங்களையும் கென்டக்கி அரசின் நில அலுவலகமே தன் தளத்தில் இலவசமாகப் படங்களோடு வைத்திருக்கிறது. முழுவாசகத் தேடலில் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, தாளை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.