ஹால் சென்சார் என்று சொல்லி விற்கும் த்ராட்டில்: பெட்டி வந்ததும் காந்தம் வைத்துப் பாருங்கள்

வீட்டு விமான சிமுலேட்டருக்கு போயிங் 737 த்ராட்டில் (என்ஜின் வேகம், ஃபிளாப் போன்றவற்றுக்கான நெம்புகோல்கள் கொண்ட பெட்டி) செய்து தருவதாகச் சொல்பவரிடம் முன்பணம் கட்ட நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை.

காக்பிட்டின் மற்ற பகுதிகளை நானே செய்துவருகிறேன். சுவிட்சுகளை ஆர்டுயினோ மெகா என்ற சிறிய மின்னணுப் பலகையில் இணைக்கப் பொறுமை இருந்தால் போதும். 54 டிஜிட்டல் பின்கள் இருக்கின்றன. த்ராட்டில் அப்படியல்ல. நெம்புகோல், பற்சக்கரம், உராய்வு என்று லேத் பட்டறை வேலை. அதனால்தான் வெளியில் கொடுத்தேன். பேசிய விலை 38,000 ரூபாய். எழுத்தில் வாங்கிய நிபந்தனை ஒன்றுதான்: எல்லா நெம்புகோலுக்கும் ஹால் சென்சார்.

நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொட்டன்ஷியோமீட்டராலும் அளக்கலாம், ஹால் சென்சாராலும் அளக்கலாம். பொட்டன்ஷியோமீட்டரில் கரித்தடத்தின் மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே நகரும். தடம் தேயும், தூசி படியும், அளவு துள்ளும். ஹால் சென்சார் நெம்புகோலோடு நகரும் காந்தத்தின் புலத்தை மட்டும் அளக்கிறது; உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானமும் இல்லை.

வந்த பொருள் பார்வைக்கு அழகு. வண்ணத்திலும் எழுத்திலும் குறை சொல்ல முடியாது. இறக்கையின் மடிப்புகளை இயக்கும் ஃபிளாப் நெம்புகோலில்தான் முதல் உறுத்தல்: உண்மையான 737-இல் 1, 15 ஆகிய இடங்களில் கையைத் தடுத்து நிறுத்தும் தடை உண்டு. இதில் எல்லாமே ஒரே மாதிரிப் பள்ளம். போகட்டும் என்று விட்டேன்.

சில வாரங்களில் நெம்புகோலைத் தொடாமலே என்ஜின் வேகம் ஏறி இறங்கத் தொடங்கியது. தரையிறங்க நெருங்கும்போது, இறக்கையின் மேல் எழும்பி வேகத்தைக் குறைக்கும் ஸ்பீட்பிரேக் தானாக எழும்பியது. கேட்டால், "விண்டோஸ் பிரச்சினை சார், கேலிபரேஷன் செய்யுங்கள்" என்றார். செய்தேன். பிறகு யூஎஸ்பி கேபிள் மேல் பழி போட்டார். அதையும் மாற்றினேன்.

கடைசியில் விண்டோஸின் ஜாய்ஸ்டிக் சோதனைச் சாளரத்தைத் திறந்துவைத்து, நெம்புகோல் சுழலும் அச்சின் அருகே ஒரு வலுவான காந்தத்தைக் கொண்டுபோனேன். உள்ளே ஹால் சென்சார் இருந்தால் அளவு நகர்ந்தே தீரும். இம்மியும் அசையவில்லை. மூடியைக் கழற்றினால், கறுப்பு டேப் சுற்றிய சாதாரணப் பொட்டன்ஷியோமீட்டர்கள். இரண்டுக்குமே மூன்று கம்பிகள்தான் என்பதால் டேப்பைப் பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியாது. அந்த டேப் எதற்கு என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்ததால் உத்தரவாதம் போய்விட்டதாம். "இதுவும் ஹால் மாதிரிதான் வேலை செய்யும் சார்" என்பது அவருடைய கடைசி விளக்கம்.

நூறு ரூபாய்க்குள் சென்னை ரிச்சி தெருவில் ஹால் சென்சார் வாங்கி நானே மாற்றிவிடுவேன். ஆனால் அதன் அளவெல்லை வேறு. போர்டில் உள்ள நிரலைத் திருத்த வேண்டும். அதைத் தர மறுக்கிறார். ஆகவே மீதித் தொகை கொடுக்கும் முன் காந்தச் சோதனையை வீடியோவாகக் கேளுங்கள்; நிரலும் வயரிங் படமும் விலையில் அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே ஆளிடம் வாங்கியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.