ஆஸ்ட்ரோ சிட்டி திரையில் கன்சோல், கணினி, மிஸ்டர்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

சேகாவின் நியூ ஆஸ்ட்ரோ சிட்டி, அதாவது விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேபினெட் ஒன்று, பல ஆண்டுகளாக என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது நனாவோ எம்எஸ்9, 29 அங்குல பிக்சர் ட்யூப். ஆர்கேட் போர்டுகளுக்காக, அதாவது ஆட்டம் அடங்கிய சர்க்யூட் போர்டுகளுக்காகச் செய்யப்பட்ட இந்தத் திரையில் இப்போது பிளேஸ்டேஷன் 2, மெகா டிரைவ், ஒரு பழைய கணினி, ஒரு மிஸ்டர் (பழைய கன்சோல், ஆர்கேட் வன்பொருளை ஒரு சிப்பில் மறுபடி உருவாக்கும் சிறிய கருவி) என நான்கு விதமான சிக்னல்கள் மாறி மாறி வருகின்றன. இதற்காக மானிட்டரில் ஒரு ஒயரைக்கூட நான் வெட்டவில்லை, சேஸிஸில் (திரையை ஓட்டும் சர்க்யூட்) எதையும் சாலிடர் செய்யவில்லை. மாற்றங்கள் எல்லாம் ஜம்மா கனெக்டருக்கு, அதாவது ஆர்கேட் போர்டைக் கேபினெட்டோடு இணைக்கும் பொதுவான இணைப்பிக்கு, வெளியேதான். இத்தனை நாள் பயன்படுத்திய பிறகு, இந்த ஒரு முடிவுதான் எல்லாவற்றிலும் சரியானது என்று உறுதியாகச் சொல்வேன். மானிட்டர் எதை எதிர்பார்க்கிறதோ அதற்கேற்ப சிக்னலை மாற்றுங்கள். சிக்னலுக்காக மானிட்டரை மாற்றாதீர்கள்.

அது எதிர்பார்ப்பது மூன்று விஷயங்களை. முதலாவது கிடைமட்ட அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை வரிகள் வரையப்படுகின்றன என்பது. சாதாரண ஆர்கேட் திரை சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸில் ஓடும், பழைய தொலைக்காட்சியும் அப்படித்தான். எம்எஸ்9 கூடுதலாக 24 கிலோஹெர்ட்ஸும் ஏற்கும். விர்ச்சுவா ஃபைட்டர் 2 ஓடிய சேகா மாடல் 2 போர்டுகளுக்கு அது தேவை. ஆனால் கணினியின் விஜிஏ சிக்னல், அதாவது 640×480, 60 ஹெர்ட்ஸ், 31.5 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. அதை இந்தத் திரை ஏற்காது. 15 மட்டும் தெரிந்த மானிட்டருக்கு 31 கொடுத்தால் படம் மடிந்து கிழிந்து தெரியும், கிடைமட்ட அவுட்புட் டிரான்சிஸ்டர் சிரமப்படும். அப்படியே ஓடவிட்டால் அது போய்விடலாம்.

இரண்டாவது, வண்ண சிக்னலின் அளவு. கன்சோல்களும் கணினிகளும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 75 ஓம் லோடில் 0.7 வோல்ட் அளவில் தரும். ஆர்கேட் போர்டுகள் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த வோல்டேஜ் தரும், மானிட்டரின் உள்ளீடும் அதற்கேற்றபடிதான் அமைக்கப்பட்டிருக்கும். அதனால் கன்சோலை நேராக ஜம்மா ஒயரில் இணைத்தால் படம் வரும், ஆனால் மங்கலாக, உயிரில்லாமல் வரும். பலர் இந்த இடத்தில் கான்ட்ராஸ்ட்டை முழுக்கத் திருகி, ஸ்க்ரீன் வோல்டேஜையும் ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், ஆர்கேட் போர்டை மறுபடி மாட்டும்போது வெள்ளை கொதிக்கும். மூன்று வண்ணத்துக்கும் தனித்தனி ட்ரிம்மர் உள்ள ஒரு சிறிய வீடியோ ஆம்ப்ளிஃபையர் போர்டுதான் இதற்குச் சரியான தீர்வு. விலையும் அதிகமில்லை. இந்த ஏற்பாட்டில் நான் செலவிட்ட பணத்தில் மிக அதிகப் பலன் தந்தது அதுதான்.

மூன்றாவது சிங்க், அதாவது ஒவ்வொரு வரியும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் சிக்னல். நான் பார்த்தவரை, படம் ஓடுகிறது, உருள்கிறது, மேல் ஓரம் கொடி போல வளைகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை சிங்க்கில்தான் போய் முடிகின்றன. ஜம்மாவில் கிடைமட்ட, செங்குத்து சிங்க் இரண்டும் ஒரே ஒயரில், டிடிஎல் அளவில் (5 வோல்ட் டிஜிட்டல் சிக்னல்) வர வேண்டும். கணினியின் விஜிஏ இரண்டையும் தனித்தனியாகத் தரும். ஸ்கார்ட் கேபிளில் (ஐரோப்பியத் தொலைக்காட்சிகளின் 21 பின் இணைப்பு) 20ஆம் பின்னில் பல நேரம் வெறும் சிங்க் இருக்காது, படமும் சிங்க்கும் கலந்த முழு காம்போசிட் வீடியோவே வரும். பிளேஸ்டேஷனின் சாதாரண ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனி) கேபிள்கள் பல அப்படித்தான். காட்சி பளிச்சென்று மாறும் இடங்களில், உதாரணத்துக்கு வெள்ளைத் திரை வந்தவுடன், படம் ஒரு பக்கமாக இழுபட்டால் காரணம் அதுதான். எல்எம்1881 என்ற எட்டுக் கால் சிப் ஒன்று போதும். காம்போசிட் வீடியோவிலிருந்து சிங்க்கை மட்டும் பிரித்து டிடிஎல் அளவில் தந்துவிடும். 5 வோல்ட்டில் ஓடும், ஜம்மாவிலேயே 5 வோல்ட் இருக்கிறது.

நான் இருப்பது பிரிட்டனில், அதனால் ஸ்கார்ட் கேபிள்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு ஸ்கார்ட் சாக்கெட், ஆம்ப்ளிஃபையர், எல்எம்1881, கடைசியில் ஜம்மா ஹார்னஸில் (கேபினெட்டின் ஒயர்த் தொகுப்பு) செருகும் 56 பின் விளிம்பு போர்டு, எல்லாமே ஒரு சிறிய பெட்டிக்குள். ஜம்மா பக்கம் பின்கள்: சிவப்பு 12, பச்சை என் (N), நீலம் 13, சிங்க் பி (P), வீடியோ கிரவுண்ட் 14. ஸ்கார்ட் பக்கம் சிவப்பு 15, பச்சை 11, நீலம் 7. ஆர்கேட் போர்டு மாட்ட வேண்டுமென்றால் பெட்டியை உருவி எடுத்துவிட்டு போர்டைச் செருகினால் போதும். ஒலி மட்டும் தனிக் கதை. ஜம்மாவில் போர்டே ஸ்பீக்கரை நேரடியாக ஓட்டும், கன்சோலின் லைன் அவுட்டுக்கு அந்தச் சக்தி கிடையாது. அதற்கு ஒரு சிறிய ஆடியோ ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரைக் கிரவுண்டோடு சேர்த்துவிடாதீர்கள். பல ஆம்ப்ளிஃபையர்களுக்கு அது ஆகாது.

சரி, ஒவ்வொன்றும் எப்படி ஓடுகிறது?

மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் 1 ஆட்டங்கள் அற்புதம். 240 வரி சிக்னல் இந்த ட்யூபுக்கென்றே பிறந்தது. பிளேஸ்டேஷன் 2இல் நிறைய ஆட்டங்கள் 480 வரியை இன்டர்லேஸ் முறையில் (ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் மறுமுறை) தருகின்றன. 29 அங்குலத்தை அருகில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்த நடுக்கம் கண்ணை உறுத்தும். மெனு எழுத்துகளின் கிடைக்கோடுகளில் நன்றாகவே தெரியும். ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் ஆட்டங்களை நான் விட்டுவிட்டேன். உயரத்தைத் திருத்த வேண்டும், மினுக்கலும் அதிகம், ஆட்டமே பல நேரம் மெதுவாக ஓடும்.

கணினி வழியில் ஜே-பேக் போர்டையும் (கணினியை ஜம்மாவோடு இணைப்பது) பழைய ரேடியான் கிராஃபிக்ஸ் கார்டையும், அதை 15 கிலோஹெர்ட்ஸில் ஓட்டும் சிஆர்டி எமுடிரைவரையும், ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் குரூவிமேம் எமுலேட்டரையும் பயன்படுத்துகிறேன். ஜே-பேக்கில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. கணினி பூட் ஆகும்போது விண்டோஸ் வருவதற்கு முன்னால் கார்டு 31 கிலோஹெர்ட்ஸில்தான் சிக்னல் விடும். அந்த நேரம் இது சிங்க்கைத் தடுத்துவிடும், திரை இருட்டாகவே இருக்கும். ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் மானிட்டருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இது. சிங்க்கைச் சேர்ப்பதும், வண்ணத்தைப் பெருக்குவதும் அதே போர்டில் நடந்துவிடுகிறது.

குரூவிமேமின் பலன் அசைவில் தெரியும். பாக்-மேன் போர்டு 60.6 ஹெர்ட்ஸில் ஓடியது, ஆர்-டைப் 55, மோர்ட்டல் காம்பாட் 54.7. சாதாரண எல்சிடி திரையில் இவை எல்லாம் 60இல் திணிக்கப்படும், ஆர்-டைப்பின் பின்னணி விட்டு விட்டு நகரும். இங்கே ஒவ்வொரு ஆட்டமும் தன் சொந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. சில ஆட்டங்களுக்கு மட்டும் உயரத்தைக் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும்.

இப்போது அதிகம் ஓடுவது மிஸ்டர்தான். அதன் அடிப்படையான டிஇ10-நானோ போர்டின் மேல், அனலாக் வீடியோ தரும் ஐஓ போர்டு. அமைப்புக் கோப்பில் காம்போசிட் சிங்க்கை 1 என்று வைத்து, விஜிஏ ஸ்கேலரை 0 என்று விட்டால், 15 கிலோஹெர்ட்ஸ் தூய ஆர்ஜிபி வந்துவிடும். சிங்க் பிரிக்கும் சிப் தேவையில்லை. ஆம்ப்ளிஃபையர் மட்டும் போதும். ஸ்விட்ச் போட்ட சில நொடிகளில் ஆட்டம், விண்டோஸ் அப்டேட் தொல்லை இல்லை.

எச்டிஎம்ஐயை 15 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கும் மலிவான பெட்டி ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். பரிந்துரைக்க மாட்டேன். பிக்சல்கள் குழைந்து வருகின்றன, பொத்தானுக்கும் திரைக்கும் இடையே தாமதம் விரலிலேயே தெரிகிறது. சண்டை ஆட்டம் ஆடுபவர் இரண்டே நிமிடத்தில் அதை உணர்ந்துவிடுவார்.

தினசரி பயன்பாட்டில் மிச்சமிருக்கும் தொந்தரவு, படம் உட்காரும் இடம். மெகா டிரைவ் இடப்பக்கம் சற்று ஒதுங்கும், வேறொன்று வலப்பக்கம். கணினியில் மென்பொருளிலேயே நகர்த்திவிடலாம், கன்சோலில் முடியாது. அதற்கு மானிட்டரின் ரிமோட் போர்டில் (படத்தைச் சரிசெய்யும் குமிழ்கள் உள்ள சிறிய போர்டு) திருக வேண்டும். நான் செய்வது இது: 240பி டெஸ்ட் சூட் என்ற சோதனை மென்பொருளின் கட்ட வரைபடத்தை அதிகம் ஆடும் மிஸ்டரில் போட்டு அதற்குச் சரியாக வைத்துவிட்டு, மற்றவை கொஞ்சம் விலகினால் விட்டுவிடுகிறேன். அதே டெஸ்ட் சூட்டின் வண்ணப் பட்டைகளை வைத்துத்தான் ஆம்ப்ளிஃபையர் ட்ரிம்மர்களையும் சமன் செய்தேன். செங்குத்து ஷூட்டர்களுக்காக ட்யூபைத் திருப்பினால் மூலைகளில் நிறம் கறைபடும். பூமியின் காந்தப்புலம் வேறு திசையில் படுவதால் அப்படி. டீகாஸ் செய்தால், அதாவது ட்யூபில் ஏறிய காந்தத்தன்மையை நீக்கினால், சரியாகும். திருப்ப இரண்டு பேர் வேண்டும், தனியாக முயல வேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த கேபினெட் ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே 230. போதுமான திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே கூடாது. அமெரிக்க கேபினெட் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. வெல்ஸ்-கார்ட்னர் கே7000 போன்ற சேஸிஸ்களுக்கு மெயின்ஸ் மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். அது இல்லாவிட்டால் சேஸிஸ் கிரவுண்டே மெயின்ஸோடு தொடர்பில் இருக்கும், அதில் கன்சோல் கேபிளை இணைப்பது ஆளைக் கொல்லும். ட்யூபின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அணைத்த பிறகும் மின்னூட்டம் தங்கலாம். அதை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர் ட்யூபின் கழுத்துப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

கேபினெட் கையில் இருந்து, முதலில் எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு: மிஸ்டரும் ஆம்ப்ளிஃபையரும் முதலில், கன்சோல்கள் நிறைய இருந்தால் அடுத்து ஸ்கார்ட் பெட்டி, 54, 55 ஹெர்ட்ஸ் ஆட்டங்களும் பெரிய தொகுப்பும் வேண்டுமென்றால் கணினி. படம் ஓரங்களில் சுருங்கியோ அலையடித்தோ வந்தால் புதிய அடாப்டர் தேடுவதற்கு முன் சேஸிஸின் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்களை, வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.