பழைய வீட்டு வயரிங்கும் எங்கள் எலக்ட்ரீஷியனும்: சில ஆண்டு அனுபவம்

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் ஓட்டு வீட்டுக்கு என் தாத்தா காலத்தில் மின் இணைப்பு வந்தது. அப்போது தேக்கு ரீப்பரின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர், எண்பதுகளில் கூடத்துக்கும் மாடிக்கும் சுவருக்குள் குழாய் பதித்து இழுத்த வயர், பிறகு கெய்சருக்கும் ஏசிக்கும் இன்வெர்ட்டருக்கும் அவ்வப்போது தனித்தனியாக இழுத்தவை என மூன்று காலத்து வயரிங்கும் ஒரே மெயின் போர்டில் வந்து சேர்ந்தன. இத்தகைய வீட்டுக்கு ஆள் பிடிப்பது புது வீட்டுக்குப் பிடிப்பதைக் காட்டிலும் கடினம். பலரிடம் வேலை வாங்கிப் பார்த்த பின், சில ஆண்டுகளாக ஒரே எலக்ட்ரீஷியனிடம் நிலைத்திருக்கிறோம். அவரிடம் கண்ட நிறைகுறைகளை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முன்பு வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் பாயிண்ட், அதாவது விளக்கு, விசிறி, பிளக் இடங்களை, எண்ணத் தொடங்கினார்கள். எண்ணி முடித்ததும் மொத்த வீட்டையும் மாற்ற இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். இவர் முதல் நாள் தொகையே சொல்லவில்லை. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டியாகத் திறந்து பார்த்தார். முற்றத்தை ஒட்டிய தாழ்வார விளக்கின் சீலிங் ரோஸைக் கழற்றியபோது, வயரின் மேலிருந்த கறுப்பு ரப்பர் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்து, உள்ளே பச்சை பூத்த செம்புக் கம்பி தெரிந்தது. அதன்பின் வயர் உறையின் காப்புத் திறனை அளக்கும் மெக்கர் என்ற கருவியை எடுத்து, 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனின் இன்சுலேஷனையும் அளந்தார். ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டிய இடத்தில், முற்றத்துச் சுவரில் ஓடிய லைன் அதில் பாதிகூடத் தேறவில்லை. கூடத்திலும் மாடியிலும் குழாய்க்குள் இருந்த வயர்களோ நல்ல அளவே காட்டின.

"எல்லாத்தையும் பிச்சுப் போட வேண்டாம்மா. மழை படுற பக்கத்தை முதல்ல எடுத்துடுவோம், மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். எந்த இடம் இன்றே ஆபத்து, எந்த இடம் தாங்கும் என்பதை அளந்து பிரித்துச் சொன்ன முதல் ஆள் அவர்தான். பழைய வீட்டுக்காரர்கள் எலக்ட்ரீஷியனிடம் தேட வேண்டிய முதல் குணம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கும் மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழை முதலில் கேட்டுப் பாருங்கள். அடுத்து, மெக்கர் கொண்டு வருவாரா என்று கேளுங்கள். டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் செருகி வருபவரால் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். வயர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

அவர் கண்டுபிடித்தவற்றுள் என்னை மிகவும் அச்சுறுத்தியது எர்த் விவகாரம். வாஷிங் மெஷினுக்கும் பிரிட்ஜுக்கும் உரிய மூன்று பின் சாக்கெட்டுகளில், முன்பு யாரோ எர்த் முனையை, கரண்ட் திரும்பிச் செல்லும் நியூட்ரலோடு ஒரு சிறு துண்டு வயரால் இணைத்து வைத்திருந்தார். அப்படிச் செய்தாலும் பொருள்கள் வழக்கம்போல் ஓடும். பார்வைக்குக் குறையே தெரியாது. ஆனால் சாக்கெட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், அந்தத் துண்டு வயர் வழியாகவே மெஷினின் இரும்பு உடம்பில் 230 வோல்ட் ஏறி நிற்கும். அந்தத் துண்டுகளையெல்லாம் நீக்கிவிட்டு, கொல்லைப்புறத்தில் குழி எடுத்து, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கிப் புதிய எர்த் போட்டுக் கொடுத்தார். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை நாங்கள் தவறாமல் செய்கிறோம்.

மெயின் போர்டை மாற்றுவதற்கு முன், ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, கூடத்து விளக்கு கண் கூசும்படி எரிந்தது. அதே நேரம் சமையலறை விளக்கு மங்கிச் சிவந்தது. தொலைபேசியில் இதைக் கேட்டவுடன் அவர் வேறு கேள்வி கேட்கவில்லை, "மெயினை இறக்குங்க" என்று மட்டும் சொன்னார். எங்களுடையது மூன்று பேஸ் இணைப்பு. அதில் நியூட்ரல் விட்டுப்போனால், இரண்டு பேஸுக்கு இடையிலுள்ள 400 வோல்ட்டை அந்தந்த அறையின் சாமான்கள் தங்களுக்குள் ஏறுமாறாகப் பங்கிட்டுக் கொள்ளும். குறைந்த சாமான் ஓடும் அறைக்கு அதிக வோல்ட் போய்விடும். காலையில் வந்து பார்த்தபோது நியூட்ரல் வயர்களைச் சேர்க்கும் லிங்க்கின் திருகு தளர்ந்து, அந்த இடமே கருகியிருந்தது. உடனே இறக்கியதால் ஒரு பல்பும் மின்விசிறி ரெகுலேட்டரும் போனதோடு தப்பினோம். சில விளக்குகள் அதிகமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் மெயினை அணைக்க வேண்டும் என்பதை வீட்டில் அனைவருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். அவசரம் நம் மெயினுக்கு உள்ளேயா, மீட்டர், சர்வீஸ் லைன் பக்கமா என்று பிரித்துப் பார்ப்பதும் அவர் கற்றுத்தந்ததே. மீட்டருக்கும் அதற்கு முன்னுள்ள கட் அவுட் என்ற பியூஸ் பெட்டிக்கும் மின்வாரியத்தாரைத்தான் அழைக்க வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணைப் போர்டின் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்.

புதிய போர்டில், கரண்ட் அளவு மீறினால் தானே விழும் எம்சிபி ஸ்விட்சுகளோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியையும் பொருத்தினார். எம்சிபி வயரைக் காக்கும். மனித உடலுக்குள் பாயும் சிறு கசிவு அதற்குத் தெரியாது, அதை உணர்ந்து துண்டிப்பது ஆர்சிசிபிதான். பொருத்திய புதிதில் மாடி விளக்கைப் போட்டாலே அது டிரிப் ஆனது. அவர் ஊரில் இல்லாத நாளில் அழைத்து வந்த வேறொருவர், "பழைய வீட்டுக்கு இது ஒத்து வராது, டைரக்ட் கொடுத்துடறேன்" என்றார், நாங்கள் சம்மதிக்கவில்லை. எங்களவர் திரும்பி வந்து ஒரு முழு நாள் தேடியதில், மாடி விளக்கின் நியூட்ரல், ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள் இன்வெர்ட்டர் பக்கம் செல்லும் நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடப்பட்டிருந்தது தெரிந்தது. பிரித்துக் கொடுத்ததும் தொல்லை நின்றது. ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதென்றால், பெரும்பாலும் அது உண்மையான ஒரு கோளாற்றைத்தான் காட்டுகிறது. அதைக் கழற்றச் சொல்பவரை வீட்டுக்குள் மறுபடி விடாதீர்கள்.

கூலியைப் பொறுத்தவரை, புதிதாக இழுக்கும் வேலைக்குப் பாயிண்ட் கணக்கும், கோளாறு தேடும் வேலைக்கு நாள் கூலியும் பேசிக்கொள்கிறோம். தேடும் வேலையைப் பாயிண்ட் கணக்கில் விட்டால் யாரும் பொறுமையாகத் தேட மாட்டார்கள். சாமான்களை நாங்களே கடையில் ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, பில்லோடு வாங்கிக் கொடுக்கிறோம்: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கெய்சருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர். சுண்ணாம்புக் காரைச் சுவரில் காடி வெட்டினால் பாளம் பாளமாகப் பெயரும் என்பதால், முற்றத்துப் பக்கம் சுவரின் மேலேயே பொருத்தும் மூடியுள்ள பிவிசி பட்டையான கேசிங் கேப்பிங்கிலேயே ஓட்டினார். பார்வைக்கு அது கொஞ்சம் குறைதான்; சுவர் பிழைத்தது.

அவரிடம் குறை என்றால், முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டப வேலைக்குப் போய்விடுவார், தொலைபேசியை எடுக்கவே மாட்டார். ஒத்துக்கொண்ட தேதியும் அதனால் தள்ளிப்போகும். சமையலறை லைனை மாற்றும் வேலை இன்னும் பாக்கி. அத்தகைய நாள்களுக்காக, அவரிடமே வேலை பழகிய இளைஞர் ஒருவருக்கு எங்கள் போர்டை ஒருமுறை காட்டச் சொன்னோம். எந்த எம்சிபி எந்த அறைக்கு என்று இருவருமாகச் சேர்ந்து தமிழில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினார்கள். அதன் பின் இரண்டு அவசரங்களுக்கு அந்த இளைஞரே வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.