அந்தமான் ஸ்நார்கலிங் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

படகு என்றால் எங்களுக்கு ஏற்காடு ஏரியில் பெடல் போட் மிதித்ததோடு சரி. அதனால்தான் ஏமாந்தோம் என்று மச்சான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சேலத்தில் ஒரு டிராவல்ஸ். பெயர் வேண்டாம். அந்தமானில் ஒரு முழு நாள், படகில் மூன்று தீவு, ஸ்நார்கலிங் (மாஸ்க் போட்டு, வாயில் கடித்த குழாயில் மூச்சு விட்டபடி கடலுக்குள் பார்ப்பது) உட்பட ஆளுக்கு 3,500 என்றார்கள். "ஷார்ட்ஸ் மட்டும் எடுத்துட்டுப் போங்கண்ணே, மத்ததெல்லாம் நம்ம ஆளு பாத்துக்குவாரு." நாலு பேருக்கு 14,000 ரூபாயை ஜிபேயில் போட்டுவிட்டேன்.

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அபர்தீன் ஜெட்டியில் (படகுத்துறை) 'நம்ம ஆளு' முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். வந்தவர், கவுண்டரில் எல்லாரும் வாங்குகிற அதே டிக்கெட்டை வாங்கிக் கையில் கொடுத்தார். அதில் போட்டிருந்த விலை ஆயிரம்கூட இல்லை. மூன்றாவதான வைப்பர் தீவுக்கு அன்றைக்குப் படகே கிடையாதாம்.

ராஸ் தீவில் குறை இல்லை. வெள்ளைக்காரன் கட்டிய சுவர்களை மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன, பக்கத்திலேயே மான் மேய்கிறது.

அப்புறம் நார்த் பே. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் வரும் கலங்கரை விளக்கம் இங்கேதான். இறங்கியதும் ஒரு மாஸ்க்கை நீட்டினார்கள். ஸ்ட்ராப் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது, வாயில் கடிக்கும் ரப்பரில் யாரோ ஒருவரின் பல் தடம். நாலு பேருக்கும் அந்த ஒன்றுதான். இடுப்பளவுத் தண்ணீரில் ரப்பர் டியூபைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்துப் போனார்கள். கலங்கல், மணல், சாம்பல் நிறத்தில் செத்த பவளம். என் முறை பத்து நிமிடத்தில் முடிந்தது. கூட்டிப்போன பையன் தமிழ்தான். "அண்ணா, பேக்கேஜ்ல இவ்ளோதான். மீன் பாக்கணும்னா ஆழத்துக்குப் போகணும், ஆளுக்கு 1,500" என்றான். என் மனைவி மட்டும் கட்டிப் போனாள். கோமாளி மீனைப் பார்த்தாளாம். திரும்பி வரும்வரை அதையே சொன்னாள், எனக்கு எரிச்சல்.

ஊருக்கு வந்து கேட்டால், "அங்க பார்ட்னர் பண்ண தப்புண்ணே, அடுத்த டூர்ல 500 கழிச்சுக்கலாம்."

எந்தத் தீவு, தண்ணீரில் எத்தனை நிமிடம், ஆளுக்கு ஒரு மாஸ்க் உண்டா, படகு ஓடாவிட்டால் பணம் திரும்புமா என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். நார்த் பேக்கு மட்டும் என்றால் ஏஜெண்டே வேண்டாம், ஜெட்டியிலேயே டிக்கெட் கிடைக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொன்னேன். என்னென்ன தருவதாக எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தேன். 'ஐலண்ட் டூர்' என்று ரெண்டே வார்த்தை.