பிளாஸ்டிகியும் ஃபிளிப்ஃப்ளாப்பியும்: இரு கலங்கள்

கடலில் சேரும் பிளாஸ்டிக் குப்பையை உலகின் கண்ணில் படவைக்க, அந்தக் குப்பையையே கலமாக்கிக் கடலில் விட்டவர்கள் இருவகை. 2010 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, பசிபிக்கைக் கடந்து, ஜூலையில் சிட்னியை அடைந்த பிளாஸ்டிகி, பிரிட்டிஷ் சூழலியல் ஆர்வலர் டேவிட் டி ராத்ஸ்சைல்டின் திட்டம். ஏறத்தாழ 12,500 பழைய பாட்டில்கள் அதன் இரட்டை உடல்களுக்கு மிதப்பைத் தந்தன. அலை மோதி நசுங்கிவிடாதபடி அவற்றுக்குள் கரியமில வாயுவை அடைத்து விறைப்பாக்கியிருந்தார்கள். இவ்வளவு நுணுக்கம் இருந்தும், கலத்தின் புகழ் பெரும்பாலும் பயணத்தின் நீளத்தையே சார்ந்திருந்தது.

ஃபிளிப்ஃப்ளாப்பி வேறு வகை. கென்யாவின் லாமுத் தீவில், மரபுவழிப் பாய்மரக்கலம் கட்டும் அலி ஸ்கண்டாவும் உள்ளூர்த் தச்சர்களும், சுமார் 10 டன் பிளாஸ்டிக்கை உருக்கிப் பலகைகளாக்கி, மரத்தைச் செதுக்குவதுபோலவே செதுக்கி அதைக் கட்டினார்கள். வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பவை கரையொதுங்கிய சுமார் 30,000 ரப்பர் செருப்புகள்: நீலம், சிவப்பு, மஞ்சள் எனச் சதுரங்களாக வெட்டி ஒட்டப்பட்டவை. (நம் வீட்டு வாசலிலும் கிடக்கும் அதே செருப்புதான்.) 2019-இல் அது லாமுவிலிருந்து சான்சிபார் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் சென்று, வழிநெடுகக் கரையோர ஊர்களில் நின்றது, 2021-இல் விக்டோரியா ஏரியிலும் ஓடியது.

தொலைவை வைத்து அளந்தால் பிளாஸ்டிகிக்கு இணையில்லை. ஆயினும் கலை என்ற அளவுகோலில் என் தேர்வு ஃபிளிப்ஃப்ளாப்பிதான். ஏனெனில் கரையில் நிற்கும் சிறுவனுக்கு அதை விளக்கிச் சொல்ல யாரும் தேவையில்லை, தன் காலில் கிடப்பதே கலத்தின் மேலும் ஒட்டியிருப்பதை அவனே பார்த்துவிடுகிறான்.