வெப்சைட் பிளானிங் கோர்ஸ், வடசேரி: மார்க் போடுற விதத்துக்காகவே சேரலாம்

நாகர்கோவில்ல வெப் டிசைன் படிக்க இடம் தேடுறவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க. இந்த சென்டர்ல ஈவ்னிங் பேட்ச்ல இன்பர்மேஷன் ஆர்க்கிடெக்சர் பேப்பர் முடிச்சு மார்க்கும் வந்தாச்சு. சிஸ்டம், ஏசி, பார்க்கிங் பத்தி ஏற்கனவே நெறைய பேரு எழுதிட்டாவ. நான் சொல்லப்போறது நம்ம குடுக்குற கோர்ஸ்வொர்க்கை இவிய எப்படி திருத்துறாவன்னு மட்டும்தான், சேரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அது ஒண்ணு போதும்னு நெனைக்கேன்.

இந்த பேப்பர்ல கோடிங் கிடையாது. ஒரு சைட்ல எந்த விஷயம் எந்த தலைப்புக்கு கீழ வரணும், மெனுல என்ன பேரு போடணும், புதுசா வாற ஆளு தேடி வந்ததை கண்டுபிடிப்பாரா, இவ்வளவுதான். கேக்க சின்னதா இருக்கும், ஆனா இதுக்கு மார்க் போடுறது ரொம்ப கஷ்டம், ஏன்னா எல்லா மெனுவும் பாக்க சரியாத்தான் தெரியும். முன்னாடி நான் படிச்ச வேற ஒரு எடத்துல ஹோம் பேஜ்ல ஸ்லைடர் ஓடுதா, கலர் நல்லா இருக்கா, எல்லா பேஜுக்கும் மூணு கிளிக்குல போக முடியுதா, இதை மட்டும் பாத்து மார்க் போட்டாவ. இந்த மூணு கிளிக் கணக்குக்கு ஆதாரமே கெடையாது. 2003லயே ஜோஷுவா போர்ட்டர்னு ஒருத்தர், ஆளுங்க நெசமா சைட்ல தேடுன டேட்டாவை எடுத்து பாத்துட்டு, கிளிக் கூடுறதால யாரும் பாதில விட்டுட்டு போகல, திருப்தியும் கொறையலன்னு எழுதிட்டாரு. சரியான வழியிலதான் போறோம்னு ஒவ்வொரு கிளிக்குலயும் ஆளுக்கு தெரியணும், அதுதான் முக்கியம். இங்க முதல் கிளாஸ்லயே சார் இதை சொல்லிட்டாவ, எதுக்கு எத்தனை மார்க்குன்னு போட்ட ஷீட்டையும் அன்னைக்கே கையில குடுத்துட்டாவ.

100 மார்க்குல உள்ளடக்க பட்டியலுக்கு (சைட்ல என்னென்ன விஷயம் வரும்ங்குற லிஸ்ட்) 15, கார்டு சார்ட்டுக்கு (ஆளுங்க கையில கார்டை குடுத்து பிரிக்க சொல்றது) 25, சைட் மேப்புக்கு (எந்த தலைப்புக்கு கீழ எதுன்னு போடுற படம்) 20, ட்ரீ டெஸ்டுக்கு (அந்த மெனுல ஆளுங்களால தேடி கண்டுபிடிக்க முடியுதான்னு பாக்கது) 30, வைவாவுக்கு 10. கலருக்கும் எழுத்து பாண்டுக்கும் தனி மார்க்கே கெடையாது. இதை பாத்ததும் எனக்கு இந்த எடத்து மேல ஒரு மரியாதை வந்துட்டு.

எங்க பேட்சுக்கு குடுத்த தலைப்பு, நம்ம மாவட்டத்தை சுத்தி பாக்க வாறவியளுக்கு ஒரு சைட் பிளான் பண்ணணும். இதுல பத்மநாபபுரம் அரண்மனையை எங்க வைக்கதுங்குறதுலயே பாதி பேரோட பிளான் ஆடிப்போச்சு. அரண்மனை இருக்கது நம்ம மாவட்டத்துல தக்கலை பக்கம், பராமரிக்கது கேரள தொல்லியல் துறை. ஒரு தம்பி பராமரிக்கிற துறைய வச்சு மெனு போட்டு அரண்மனையை "கேரள அரசு"ன்னு ஒரு தலைப்புக்கு கீழ கொண்டு வச்சான். இன்னொருத்தி தாலுகா வாரியா பிரிச்சு கல்குளத்துக்கு கீழ வச்சா. ரெண்டு பேருக்கும் சார் சும்மா தப்புன்னு போட்டு விடல. மதுரைலேந்து குடும்பத்தோட வாற ஆளுக்கு கல்குளம் தாலுகான்னா என்னன்னு தெரியுமா, எந்த துறை கையில இருக்குன்னு அவரு ஏன் தெரிஞ்சுக்கணும், அவருக்கு வேண்டியது இன்னைக்கு தெறந்திருக்குமாங்குறதுதானே, திங்கக்கிழமை லீவுங்குற விஷயம் உன் மேப்புல எந்த எடத்துல இருக்குன்னு ஷீட்லயே எழுதி குடுத்தாவ. அரசு சைட், காலேஜ் சைட் எல்லாத்துலயும் இருக்க வியாதி இதுதான், ஆபீஸ் எப்படி பிரிஞ்சு கெடக்கோ அப்படியே மெனு போட்டு வச்சிருப்பாவ. அதை கண்டுபிடிச்சு மார்க் கொறைக்க தெரிஞ்ச வாத்தியார் கெடைக்கது பெரிய விஷயம்.

கார்டு சார்ட்டுக்கு 15 பேரை வச்சு செய்யணும், வெப்சைட்டை ஆளுங்க எப்படி யூஸ் பண்ணுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணுற ஜேக்கப் நீல்சன் 2004ல சொன்ன எண்ணிக்கை அது. முட்டம் பீச், திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், தோவாளை பூ மார்க்கெட், சிதறால்னு ஒவ்வொரு பேரையும் ஒரு கார்டுல எழுதி ஆளுங்க கையில குடுத்து, உங்களுக்கு தோணுற மாதிரி பிரிச்சு வைங்கன்னு சொல்லணும். வீட்டுல உக்காந்து 15 பேரு பேரை தானே எழுதிட்டு வந்தவங்க இங்க தப்பிக்க முடியாது. சார் ரிப்போர்ட்டை விட முதல்ல ஆளாளுக்கு தனித்தனியா எழுதுன ஷீட்டைத்தான் கேக்காவ, எல்லாரும் ஒரே மாதிரி பிரிச்சிருந்தா அங்கயே சந்தேகம் வந்துரும். ஏன்னா நெசமா ஆளுங்க ஒத்துப்போக மாட்டாங்க. சிதறாலை எடுத்துக்கோங்க, அது சமணர் குடைவரை, உள்ள இப்ப பகவதி அம்மன் கோயில், மேல ஏறுனா மலைக்காட்சி. சிலர் கோயில்ல வைப்பாங்க, சிலர் வரலாறுல, சிலர் மலையில. அந்த சண்டைக்குரிய கார்டை மறைக்காம எழுதி, அதை ரெண்டு மூணு வழியா வந்து பாக்குற மாதிரி பிளான்ல எடம் குடுத்தா அதுக்குத்தான் கூட மார்க். இந்த எடத்துல சார் சீர்காழில பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை கொண்டு வந்தாவ, ஒரு விஷயத்தை ஒரே பெட்டியில அடைக்காம இடம், காலம்னு பல முகமா பிரிச்சு பாக்குற முறைய 1933லயே கோலன் வகைப்பாடுன்னு லைப்ரரிக்கு செஞ்சு குடுத்தவரு. இன்னைக்கு ஷாப்பிங் சைட்ல நம்ம தட்டுற பில்டர் எல்லாத்துக்கும் அடிப்படை அதே யோசனைதான், கேட்டப்போ ரொம்ப பெருமையா இருந்து.

ட்ரீ டெஸ்டுதான் உயிர். டிசைன் எதுவும் இல்லாம வெறும் எழுத்து மெனுவை மட்டும் காட்டி, ஒரு வேலைய சொல்லி, இதுக்கு எங்க போவீங்கன்னு கேக்கணும். டூலுக்கு பணம் கட்ட வேண்டாம், பேப்பர் கார்டுலயே செய்யலாம். கேள்வில மெனுல உள்ள வார்த்தை வரக்கூடாது, வந்தா அந்த கேள்விக்கு பூஜ்யம். "படகு டிக்கெட்"னு மெனுல இருந்தா, "படகு டிக்கெட் எங்க"ன்னு கேட்டா யாரும் கண்டுபிடிச்சிருவாங்கல்ல, "கடலுக்குள்ள இருக்க பாறைக்கு போக எவ்வளவு ஆகும்னு பாக்கணும்"னு கேக்கணும். எத்தனை பேரு கண்டுபிடிச்சாங்கன்னு மட்டும் எழுதுனா பாதி மார்க்குதான், நேரா போனாங்களா, எங்க போய் திரும்பி வந்தாங்க, முதல்ல எதை தொட்டாங்கன்னு எழுதுனாத்தான் முழுசு. ரிசல்ட் மோசமா வந்தாலும் மார்க் போகாது, அதை வச்சு மேப்பை எப்படி மாத்துனோம்னு காட்டுனா போதும். பொய் ரிசல்ட் எழுத வேண்டிய அவசியமே இல்லாம பண்ணி வச்சிருக்காவ பாருங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சு.

வைவால ஒரே கேள்வி. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவுல 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30ல தெறந்தாவ, அதுக்கு முந்தி போட்ட மெனுல அது எங்க போகும்? பாலத்துக்கு போகணும்னா படகுல ஏறித்தான் ஆகணும், அப்ப படகு நேரத்தோட லிங்க் எங்க இருக்கு? பதில் சொல்ல நல்லா யோசிக்க வேண்டி இருந்து.

இனி கொறை. குரூப் வொர்க்குல நாலு பேருக்கும் ஒரே மார்க், வெயில்ல பஸ் ஸ்டாண்டுல நின்னு கார்டு சார்ட் எடுத்தவனுக்கும் ரிப்போர்ட்டுல பேரு மட்டும் போட்டவனுக்கும் ஒண்ணு, இது நியாயமே இல்ல, யாரு எதை செஞ்சாங்கன்னு ஒரு பக்கம் எழுதி வாங்குனா தீந்துரும். ரெண்டாவது, திருத்துறது ரெண்டு பேரு. ஒருத்தர் அக்கறையா பக்கம் பக்கமா எழுதி குடுக்காவ, இன்னொருத்தர் நம்பர் மட்டும் போட்டு குடுக்காவ, ஏன் கொறஞ்சுன்னு கேட்டா பதில் இல்ல. ரெண்டு பேரும் ஒரே ரிப்போர்ட்டை தனித்தனியா திருத்தி ஒப்பிட்டு பாத்துட்டு அப்புறம் மத்ததை திருத்தணும், ஆபீஸ்ல எழுதி குடுத்திருக்கேன். மார்க் வரதுக்கும் லேட், அடுத்த பேப்பர் தொடங்கின பெறகுதான் வந்து, அப்ப கமெண்டை படிச்சு என்ன பிரயோஜனம்.

பீஸ் மத்த எடத்தை விட கொஞ்சம் கூடுதல். சைட் டிசைன் மட்டும் சட்டுனு படிச்சு வேலைக்கு போகணும்னா இது உங்களுக்கு சரி வராது. சேருறவங்க முந்தின பேட்ச்ல திருத்துன ரிப்போர்ட் ரெண்டு காட்டுங்கன்னு கேளுங்க, பேரை மறைச்சுட்டு காட்டுவாவ, அதுல கமெண்ட் எழுதியிருக்க சாரு எந்த பேட்ச் எடுக்காருன்னு விசாரிச்சுட்டு அந்த பேட்ச்லயே பணம் கட்டுங்க.